ஆட்டுக்குட்டி ஹார்ன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

நம் பைக்குக்குப் பெரிய ஹார்ன் மாட்டச் சொல்லி மெக்கானிக் நச்சரிப்பதாகச் சொன்னாய். இங்கே அறையிலும் அதே பட்டிமன்றம்தான். “கம்பெனி ஹார்ன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது, எவன் வழி விடுவான்?” என்றார் கூட இருக்கும் சமையல்காரர். “வயரிங் தாங்காதுண்ணே” என்று நான் சொல்லச் சொல்ல, என் டெலிவரி வண்டியில் லாரி ஹார்னை மாட்டிவிட்டார். மறுநாளே ப்யூஸ் போய், நடுச்சந்தியில் வண்டி படுத்துவிட்டது. பின்னால் வந்த கார் லேசாகத் தட்டியது. முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே.

நீ ஹார்னை மாற்றாதே. அந்த ஆட்டுக்குட்டிச் சத்தம் கேட்டால் பாப்பா இன்னும் “அப்பா!” என்று வாசலுக்கு ஓடிவருகிறாளாமே. ஒரு தடவை அடித்து, அவள் ஓடிவருவதைப் போனில் பதிந்து அனுப்பு.

ஆர்டர் வந்துவிட்டது, கிளம்புகிறேன். நான் ஊருக்கு வந்து ஹார்ன் அடிக்கும் நாளில், யாரோ என்று அவள் உள்ளேயே இருந்துவிடக் கூடாது.