மரக்கடை கேட் வழியாக

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், படி ஏறும்போது அவள் முழங்கால் முனகுகிறது, அதைவிட அவள் அதிகமாக முனகுகிறாள், மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ சாப்பிட்டியாப்பா என்பாய், நான் ஆச்சும்மா என்பேன், அதற்குள் குழந்தை போனைப் பிடுங்கிவிடும். லீவுக்கு வரும்போது ஜங்ஷனிலேயே இறங்கி பஸ் பிடித்து வருவதாக அம்மாவிடம் சொன்னாயாமே, அதற்குப் பதில்தான் இது.

பெரிய ஸ்டேஷனை இடித்துக் கட்டுவதாக வெகுநாளாகப் பேச்சு இருந்ததல்லவா, ஒருவழியாக ஆரம்பித்துவிட்டார்கள். பாதி பிளாட்பாரத்துக்குத் தகரம் அடித்து மூடியாகிவிட்டது. புறநகர் வண்டிகளில் பாதியும் வெளியூர் வண்டிகள் அத்தனையும் இனிமேல் கிழக்கு ஸ்டேஷனோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் பழக்கதோஷத்தில் பெட்டியோடு பெரிய ஸ்டேஷனுக்கே போய், தகரத்துக்கு முன்னால் நின்று காவலாளியோடு மல்லுக்கட்டி, வண்டியையும் கோட்டைவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் என்னை முறைக்கிறார், என்னவோ நான்தான் வண்டியைத் திருப்பிவிட்ட மாதிரி. ஜனங்களுக்கு ஸ்டேஷன்தான் மாறியிருக்கிறது, எங்களை மாதிரி ரயில் டிரைவர்களுக்குப் பாதையே மாறிவிட்டது. கிழக்கு ஸ்டேஷனுக்குப் போவதென்றால் மரக்கடை கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். உன் அண்ணன் மூடின கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைந்தானே, நாம் அவனைப் பறிகொடுத்தோமே, அந்த கேட். அதற்குப் பிறகு நான் அந்தப் பாதையில் வண்டி ஓட்டியதில்லை. டியூட்டி போடுகிற கிளார்க் நான் கேட்காமலே என் பெயரை வேறு பக்கம் போட்டுவிடுவார். நீயும் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை, ஜங்ஷனிலேயே இறங்கப் பார்ப்பதும் அதனால்தான், எனக்குத் தெரியும். இப்போது அப்படி ஒதுங்க முடியாது, பாதையைக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் யார்டு ஆபீசில் போய் உட்கார் என்று சொல்லிவிட்டார்கள்.

புதுப் பாதையோ வெகுநாள் விட்டுப்போன பாதையோ, நேரே ஏறி ஓட்ட முடியாது. அதை நன்றாகத் தெரிந்தவன் ஒருவன் கூட வந்து ஒவ்வொரு சிக்னலாக, வளைவாக, கேட்டாகக் காட்டவேண்டும், பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். எனக்குக் காட்ட அனுப்பினது யாரை என்கிறாய், நெட்டையை. அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டினவன். அவன் மேல் தப்பில்லை, எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் தெரியும், தெரிந்து என்ன, ஓய்வறைக்குள் அவன் வந்தால் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து போய்விடுவேன். முன்பெல்லாம் நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை மாதிரி இருந்தவன்.

முதல் தடவை அவன் ஓட்ட நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு சிக்னலாகச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தான். மரக்கடை வருவதற்கு வெகு முன்னாலேயே ஹாரனை அழுத்தினவன் கையை எடுக்கவே இல்லை, கேட் வந்ததும் முகத்தைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அடுத்த தடவையும் அப்படியே. எனக்குக் கோபம் வந்துவிட்டது, கேட்டைப் பார்க்காம எங்கப்பா பாக்கறே, இதுதான் நீ காட்டற லட்சணமா என்று கேட்டேன். பார்த்தா அங்க சைக்கிள் தெரியுதுண்ணே, இத்தனை வருஷமா தினமும் தெரியுது என்றான். அந்தத் துக்கம் நம் வீட்டோடு நின்றது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நான் ஒதுங்கிக்கொண்டேன், நாலு பேர் என்னை ஒதுங்கவும் விட்டார்கள். அவனை யாரம்மா கேட்டார்கள்? துக்கம் விசாரிக்கக்கூட அவன் வீட்டுக்கு ஒருத்தரும் போயிருக்கமாட்டார்கள்.

அதற்கடுத்த தடவை நான் ஓட்டினேன். உன்னிடம் மறைப்பானேன், வழியெல்லாம் பிள்ளை ஞாபகம்தான். ஹாரன் அடித்தேன். வளைவு திரும்பியதும் கேட் தெரிந்தது, அதற்கு வெளியே ஒரு லாரியும் குடை பிடித்த ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். கேட் மூடியிருக்கு, உள்ளே யாரும் இல்ல, பாருப்பா என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான். தாண்டினதும் அப்படியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். முதுகைத் தடவிக் கொடுக்கலாம் என்றால் கையை எடுக்க முடியாத வேலை, அடுத்த சிக்னல் பச்சை என்று மட்டும் சொன்னேன். கிழக்கு ஸ்டேஷனில் இறங்கி இரண்டு பேரும் டீ குடித்தோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அதை ஓரமாக வைத்துவிட்டு, அவன் நம்ம வீட்ல சாப்பிட்டு எவ்வளவு காலமாச்சு, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க என்றாள். வந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டான், வேண்டாம் வேண்டாம் என்றவனுக்குக் கேட்காமலே மறுபடி போட்டாள். போகும்போது உன் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனான்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. ராத்திரிப் பயணத்தில் குழந்தைக்குக் காதை மூட மறக்காதே. முக்கியமான ஒன்று, ஜங்ஷனில் இறங்காதே. அங்கே டிரைவர் மாறுவார்கள், நீ வருகிற அன்றைக்கு உன் வண்டியை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். விடிந்தபிறகு நீண்ட ஹாரன் கேட்டால் அது அப்பா. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து பாரம்மா. கேட் மூடியிருக்கும், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
முன்னால் இன்ஜினில் இருக்கப்போகும்
உன் அப்பா