உன் வாக்குச்சீட்டு இங்கே வந்தது

மார்ச் 2016

அன்புள்ள மெரில்,

நாட்டுக்குப் புதுக் கொடியா பழைய கொடியா என்ற வாக்கெடுப்புக்கு உன் சீட்டு பண்ணை வீட்டுக்கே தபாலில் வந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். உறையைப் பிரிக்கவில்லை.

பக்கத்துப் பண்ணை நெவில் அதை மேசைமேல் பார்த்துவிட்டான். "அவ சீட்டுலயும் நீயே பழைய கொடிக்குக் குத்திடு. யாருக்குய்யா தெரியப்போவுது?" என்றான். நான் உறையை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன். "வீட்டுல பொண்டாட்டிகிட்ட தோத்தவன், நியூசிலாந்து பூரா ஜெயிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?" என்று சிரித்தான். தேநீரை முடிக்கவிடாமல் வெளியே அனுப்பினேன்.

நீ பெரணி இலை போட்ட அந்தப் புதுக் கொடிக்குத்தான் போடுவாய். உன் ஓட்டு என் ஓட்டைத் தின்றுவிடும். தின்னட்டும். என் அப்பா போருக்குப் போன கொடியைப் பற்றி இன்னொரு முறை விளக்கப்போவதில்லை. நீ கிளம்பிப் போன அன்றைக்கு, "அந்த இலைய ஏத்தணும்னா வேற வீடு பாத்துக்க" என்று நான் சொன்னது கொடியைப் பற்றி மட்டும்தான்.

கம்பத்தில் இப்போது எதுவும் பறக்கவில்லை. கயிறு அறுந்துவிட்டது என்று கேட்கிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

டிமாருவில் நீ இப்போது இருக்கும் உன் தங்கை வீட்டுக்கு வாக்காளர் முகவரியை மாற்ற ஒரு படிவம் உண்டாம். தபால் நிலையத்தில் கொடுத்தார்கள்.

அதை மட்டும் இந்த உறையில் வைக்கவில்லை.

அதே முகவரியில்,
உன் கணவன்