அம்மா உடம்பில் சதை பிடிக்கிறது

பாப்பிரெட்டிப்பட்டி
ஞாயிறு

அன்புள்ள சுகுணா கண்ணு,

இங்கே அம்மாவும் நானும் சுகம், இந்தத் தடவை ஒப்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே சுகம். கத்தாரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. போனில் சொன்னால் உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கே விழுவாள், அதனால் லீவு முடிந்து கத்தாருக்குக் கிளம்பும் நம் தெரு பூவரசன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, ஊசி குத்துகிற இடது கையால் கனம் தூக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னார் அல்லவா, அதை நான்தான் நீட்டி முழக்கிவிட்டேன். குடத்தைத் தொடாதே, கூட்டாதே, படு படு என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டேன். டயாலிசிஸுக்கு முன்னால் குறைக்கச் சொன்ன முட்டையையும் பருப்பையும் அதற்குப் பிறகும் கண்ணில் காட்டவில்லை. எடை பார்க்கிற மெஷினில் ஒரு கிலோகூடக் குறையவில்லை, தேறிவிட்டாள் என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். போன தை மாசம் கக்கூஸில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள் கண்ணு. கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேரைச் சொன்னதே கிடையாது. எனக்கு உயிரே போய்விட்டது.

தர்மபுரி டாக்டரம்மா அவளைத் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், தொடையைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். சதை கரைஞ்ச இடத்துல தண்ணி உட்கார்ந்திருக்குதுங்க, அதான் எடை குறையலை, வயசானவங்க டயாலிசிஸ்ல நாலு வருஷம் தாக்குப் பிடிக்கணும்னா உடம்புல சதை வேணும், நீங்க பாசத்துல படுக்க வெச்சும் பத்தியம் வெச்சுமே கரைச்சுட்டீங்க, இப்படியே போனா ரொம்ப நாளைக்குத் தாங்காது என்றார். உனக்குச் சொல்ல மனசு வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் முட்டை வெள்ளைக்கரு, டாக்டரம்மா சொன்ன அளவுக்குப் பருப்பு, மீன். புரட்டாசியிலும் விடவில்லை, பெருமாள் கோபித்தால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழச் சொல்வேன், வூட்டுலயே இஸ்கூல் நடத்தறீங்களா என்று திட்டிக்கொண்டே எழுவாள். இப்போது வலது கையால் களியும் கிண்டுகிறாள், என் கட்டிக் களியிலிருந்து எனக்கும் விடுதலை. நேற்று டயாலிசிஸுக்குக் கிளம்பினோம், பஸ் வந்ததும் வழக்கம்போல் முதுகைத் தாங்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தானே ஏறிவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி ரோட்டிலேயே நின்றுவிட்டேன், ஏறுங்க பெரியவரே என்று கண்டக்டர் கத்தினார். நோய் போகாது, மெஷினும் ஊசியும் இருக்கும், ஆனால் உடம்பு இனிமேல் தாங்கும் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நீயும் ஏசியில் உட்கார்ந்தே கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். அம்மாவிடம் பேசும்போது ரெஸ்ட் எடும்மா என்று மட்டும் சொல்லிவிடாதே, இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கேள். சித்திரையில் வரும்போது வாங்கி வருவதாகச் சொன்ன சக்கர நாற்காலி வேண்டாம் கண்ணு. அம்மா நடக்க நல்லதாக ஒரு ஜோடி செருப்பு வாங்கி வா.

உன் அப்பா,
ராஜப்பன்