வாக்களிக்க வருகிறேன்

எஸன் நகரம், ஜெர்மனி, மார்ச் 1921

பெருமதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு, ரோசாலியா பணிவுடன் எழுதுவது. தங்கள் இருமல் தணிந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலமே.

நம் சைலீசியாவை முன்பு வியன்னாவின் அரசர்கள் ஆண்டார்கள். பிறகு பெர்லினின் அரசர்கள் போரிட்டுப் பறித்தார்கள். அப்போதெல்லாம் நம் விருப்பத்தை எவரும் கேட்டதில்லை. இப்போதுதான், ஜெர்மனியோடு இருப்பதா போலந்தோடு சேர்வதா என்று வாக்கெடுத்துக் கேட்கிறார்கள். அங்கே பிறந்தவள் என்பதால் எனக்கும் வாக்குண்டு. ஜெர்மனிக்கே வாக்களிப்போம் என்று நம்பி, ஜெர்மானியச் சங்கத்தார் எங்களை இலவச ரயிலில் அழைத்து வருகிறார்கள். "அந்த ரயில்ல வந்தா என் வாசப்படிய மிதிக்காதே" என்று தாங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன்.

நேற்று சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் ஹெட்விக் எல்லோர் முன்பும், "என்னடி ரோசல், உங்கப்பன் போலந்துக் கட்சியாமே? எங்க ரயில்லயே ஓசியா போயி எங்களுக்கே குழி பறிக்கப் போறியா?" என்றாள்.

"சீட்டுப் போடப்போறது என் கைடி. எங்கப்பா கையும் இல்ல, உன் கையும் இல்ல" என்றேன்.

சிறு தள்ளுமுள்ளு ஆயிற்று. வெந்நீர் சற்றே பட்டது. இடக்கைதான், கவலை வேண்டாம்.

எந்த நாட்டின் வாக்குச் சீட்டை உறையில் இடுவேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை; தங்களிடமும் சொல்ல மாட்டேன். கேட்காதிருக்க வேண்டுகிறேன்.

என் பழைய கம்பளிக் காலுறைகளை அம்மா எடுத்து வைக்கட்டும். கசகசா கேக் செய்தால் எனக்கும் ஒரு துண்டு. கதவு தாழிட்டிருந்தால் தட்ட மாட்டேன். இரண்டையும் சன்னல் விளிம்பில் வையுங்கள். எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன்.

வேலை மணி அடித்துவிட்டது.

தாழிட்டுவிடாதீர்கள், அப்பா.

ரோசாலியா