பிரிக்காத பக்கங்கள்

1968 ஜூன் 10, திங்கள்
மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி.க்குச் சார்பியல் மின்னியக்கவியல் புதிதாக வந்திருக்கிறது. நான்தான் எடுக்கப்போகிறேன். புத்தகத்தை முடிவு செய்வது துறைத்தலைவர் ராமப்பன் சார். மாதிரிப் பிரதிகள் பச்சை அட்டையில் ஒன்று, சிவப்பு அட்டையில் ஒன்று. அவருக்கு ஒரு ஜோடி, எனக்கு ஒரு ஜோடி. பச்சையில் தாள்களின் ஓரம் வெட்டாமல் ஒட்டியபடியே வந்திருக்கிறது; பிரிக்காமல் உள்ளே படிக்க முடியாது. அப்பாவின் சவர பிளேடால் பிரித்துப் பிரித்துப் படித்தேன். ஓடும் மின்னூட்டத்தோடு நாமும் கூடவே ஓடினால் அதன் காந்தப்புலம் எங்கே போகும்? முதல் பக்கத்திலேயே கேட்கிறான் எழுதியவன்!
சிவப்பில் சார்பியல் கடைசி அத்தியாயம். எங்கள் கல்லூரியில் எந்தப் புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தைத் தொட்டதில்லை.

ஜூன் 11
பஸ்ஸில் சூளகிரி வரை பச்சை. பக்கத்து சீட்டு அம்மா, "என்ன கதைம்மா?" என்றார். காந்தம் என்றேன்.

ஜூன் 14
"ரெண்டையும் முழுசா படிச்சிட்டேம்மா. பச்சை நம்ம பசங்களுக்கு ஏறாது. சிவப்பே போதும்" என்கிறார் ராமப்பன் சார்.
"கடைசி அத்தியாயத்துக்கு நாம போறதே இல்லையே சார்?"
"சும்னே இரும்மா. பரீட்சையில சாய்ஸ் இருக்குது."
அவர் மேசையில் இருந்த பச்சையை எடுத்துப் பார்த்தேன். ஒரு தாள்கூடப் பிரிக்கவில்லை! முழுசா படித்தாராம். பேரிகை, உத்தனப்பள்ளி ஊர்களிலிருந்து வரும் பையன்களுக்கு ஏறாதாம். யாரு கண்டா? கேட்டுப் பார்த்தாரா? நான் ஏன் வாயை மூடிக்கிட்டு வந்தேன்?

ஜூன் 17
துறைக் கூட்டம். அவருடைய பச்சைப் பிரதிமேல் பிளேடை வைத்து, "பிரிச்சுக் கொடுக்கட்டுமா சார்?" என்றேன். என்னோடு வேலை பார்க்கும் அப்துல் சலாம் சிரிப்பை இருமலாக்கினார். சார் முகம் சுருங்கிப் போயிற்று. பிளேடை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"சரி, பச்சையே இருக்கட்டும்." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "சலாம், அந்த பேப்பரை நீங்க எடுங்க. கிருபாராணிக்கு முதல் வருஷ லேப்." என்னைப் பார்க்காமலே சொன்னார்.

ஜூன் 18
புத்தகம் நான் சொன்னது. வகுப்பு எனக்கில்லை. என்ன அநியாயம் இது! நாள் முழுக்க வெர்னியர் காலிப்பர்.

ஆகஸ்ட் 5
சலாம் லேபுக்கே வந்துவிட்டார். "மேடம், பசங்க அந்த முதல் பக்கக் கேள்வியை விட மாட்றாங்க. என்னால முடியல. நீங்களே வந்து எடுங்க."
போனேன். கடைசி பெஞ்சில் ராமப்பன் சார். குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பாதி வகுப்பில் சர்ரென்று ஒரு சத்தம். மடியில் பச்சை, கையில் என் பிளேடு. தலை நிமிரவே இல்லை.
கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அடுத்த பக்கத்துக்குப் போகுமுன், அவர் பிரித்து முடிக்கும்வரை சாக்பீஸோடு நின்றேன்.