பலகை எடுப்பதற்குள்

ஹௌகிலா,
ஏப்ரல் கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஒலாவிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்று பால் லாரி ஓட்டும் பென்டி சொன்னான். நான் கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னான். "கவலப்படாத ஹெல்மி, உன் வீட்டுக்காரன் நல்லா தின்னு கன்னம் வச்சுட்டான்" என்று வாசலில் நின்று ஒரு சிரிப்பு. உன் நீலச் சட்டை ஐலா வீட்டுக் கொடியில் காய்ந்ததையும் பார்த்தானாம். இங்கே அந்தச் சட்டையை நாற்காலி முதுகிலிருந்து நான் பிடுங்கினால்தான் அது தண்ணீரைப் பார்க்கும். அங்கே அதற்கு இஸ்திரி வேறு நடக்கிறதாம்.

உன் கடிதம் கிடைத்தது. மண்ணுக்குள் இருந்த பனி உருகிப் பாதை கூழாகிவிட்டது, எடைத் தடைப் பலகை நட்டுவிட்டார்கள், காலி லாரியே பலகையில் போட்ட எடையை மிஞ்சும், பலகையை எடுக்கும்வரை அசைய முடியாது என்று எழுதியிருக்கிறாய். யாருக்குப் பாடம் நடத்துகிறாய்? எந்தப் பாதை எப்போது இளகும் என்று பார்த்து, யாருக்கு என்றைக்குச் சரளை போக வேண்டும் என்று முடிவுசெய்து, இத்தனை வருஷமாக உன்னை அனுப்பி வைப்பவளே நான்தான்.

ஐலாவின் ஆர்டரை எடுத்ததும் நான்தான். மாட்டுக்கொட்டகை முன்னால் ஒரே சேறு, பலகை நடுவதற்குள் ஒரு லோடு வந்தாக வேண்டும் என்று அவள் ஊர்க் கடையிலிருந்து போன் செய்தாள். குரலில் தேன் ஒழுகியது. கல்யாணத்துக்கு முன்னால் ஏரிக்கரை நடன மேடையில் நீயும் அவளும் சேர்ந்து ஆடியது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் அனுப்பினேன். தொழில் வேறு, அது வேறு என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

சரளையைக் கொட்டிவிட்டு அன்று மாலையே திரும்பியிருக்கலாம். மழை பிடித்துக்கொண்டது என்கிறாய். மழை இங்கேயும்தான் பெய்தது. ஒரு வாய் காபிக்கு உட்கார்ந்தாய், காலையில் எழுந்தால் பலகை. அன்றிலிருந்து அவளுடைய நீராவிக் குளியல் போடும் சவுனா குடிசையில் படுக்கை. அந்தச் சவுனாவுக்கு யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று நான் கேட்கமாட்டேன். அவளா?

மீனை உள்ளே வைத்து அவள் சுடும் ரொட்டியைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய். நம் பசு கன்று போட்டதைப் பற்றி அரை வரி. பால் லாரிக்குத் தடை இல்லையே, பென்டியோடு ஏறிக்கொண்டு நீ மட்டுமாவது வந்திருக்கலாம். லாரியை விட்டுவிட்டு வர மனமில்லை என்கிறாய். லாரியைத்தானே?

நேற்று நம் முற்றத்துச் சேற்றில் என் ரப்பர் பூட்ஸ் சிக்கி, கால் மட்டும் வெளியே வந்தது. சரளை லாரிக்காரன் வீட்டு முற்றம் இது. அங்கே கொட்டகை முன்னால் மண்வெட்டி எடுத்து நீயே நிரவிக் கொடுத்தாயாம். அவளுடைய மாடுகள் கல்யாண ஊர்வலம் போல நடந்து போகின்றனவாம். இதுவும் பென்டி சொன்னதுதான்.

போன் ஓயவில்லை. தார்ச்சாலைக்குத் தடை கிடையாது. மரம் அறுக்கும் ஆலைக்கு இப்போதே சரளை கொண்டுபோகலாம், லாரி இருந்தால். பள்ளிக்கூடத்துக்காரர்கள் தங்கள் பாதையில் பலகை எடுத்த மறுநாளே வேண்டும் என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? என் கணவன் பலகைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறான் என்றா? கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுபோகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று சாலைக் கண்காணிப்பாளர் ஹூஸ்கோனன் இந்தப் பக்கம் வந்தார். காபி கொடுத்துவிட்டு, என் ஆளை இன்னும் எத்தனை நாள்தான் பிடித்து வைப்பீர்கள் என்று சண்டைக்குப் போனேன். மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விழித்தார்.

"நானா பிடிச்சு வச்சிருக்கேன்? ராத்திரி குளிர் இறுகினா விடியக்காலையில பாதை கல்லு மாதிரி ஆயிடும். அப்ப காலி லாரிய ஓட்டிட்டுப் போயிடுன்னு ஒலாவிகிட்ட நேர்லயே சொன்னேனே. போன வாரம் பூரா காலையில அப்படித்தானே இருந்துச்சு?"

அவருக்கு இன்னும் காபி ஊற்றினேன். அது வழிந்து தட்டில் நிறைந்ததை அவர்தான் சொன்னார்.

உண்மைதான். போன வாரம் முழுக்க நான் பால் கறக்கப் போகும்போது முற்றத்துச் சேறு இறுகி, காலடியில் நொறுங்கியது. நடக்கச் சுகமாக இருந்தது. அப்போதெல்லாம், ஐயோ பாவம், மாட்டிக்கொண்டு கிடக்கிறானே என்று உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒலாவி, எனக்குப் பொறாமைதான். வயிறு எரிகிறது. அவளுடைய ரொட்டியின் மேல், கொடியின் மேல், அவள் மாடுகளின் மேல்கூடப் பொறாமை. அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று நீ சத்தியம் செய்தாலும், ஹூஸ்கோனன் சொன்னதை நீ எனக்கு எழுதாமல் விட்டாய். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பலகையை எப்படியும் ஒருநாள் எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு எல்லா லாரியும் வரும், நீயும் வருவாய். கதவைத் திறப்பேன், சாப்பாடு போடுவேன், சண்டைகூடப் போடமாட்டேன். ஆனால் பாதை வழி விட்டதால் வந்தவன் இவன் என்றுதான் ஆயுசு முழுக்க உன்னைப் பார்ப்பேன். அப்படிப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. பலகை நிற்கும்போதே வா.

வார இறுதிவரை இரவில் குளிர் இருக்கும் என்று ஹெல்சிங்கி வானொலியில் சொன்னார்கள். மே தினத்துக்கு எலுமிச்சைப் பானம் ஊறப் போட்டிருக்கிறேன். உலர் திராட்சை மேலே மிதக்க ஆரம்பித்துவிட்டது, பதம் வந்துவிட்டது. கொடியிலிருந்து அந்த நீலச் சட்டையையும் எடுத்துக்கொண்டு வா. ஈரமாக இருந்தாலும் சரி, அங்கே விட்டுவிட்டு வராதே.

ஊரெல்லாம் வெயிலுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் வேறு கேட்கிறேன். நீ இதைப் படிக்கும் இரவில் கடவுள் உன் பாதையில் நல்ல குளிரை இறக்கட்டும்.

உன்,
ஹெல்மி