மாப்பிள்ளை வாங்கப்போகும் துப்பாக்கி

அன்புள்ள உங்களுக்கு ஸ்தோத்திரம். முட்டிவலி குறைந்ததா?

ஞாயிறு மதியம் மேசையில் நான், நம் மகள் ஹெப்சிபா, மாப்பிள்ளை ரூபன், நடக்கப் பழகிய பேரன், நால்வரும் இருந்தோம். பக்கத்துத் தெருவில் சங்கிலி பறிபோனதிலிருந்து மாப்பிள்ளைக்குக் கைத்துப்பாக்கிப் பேச்சுதான்.

"லைசென்சுக்குப் பாயின்ட் முப்பத்திரண்டு குண்டுதான் அத்தே. அதுக்கு ஆளு உடனே விழமாட்டான். நைன் எம்எம் குண்டுன்னா விழுவான், நமக்குத் தரமாட்டாங்க."

"யாரு விழணும் மாப்ளே? சோறு ஆறுது."

வாங்கியதும், காருக்குச் செய்ததுபோல் அதற்கும் நான் ஜெபம் பண்ண வேண்டுமாம்! துப்பாக்கிக்கு ஜெபிக்க எனக்கு மனம் வரவில்லை. பேரன் எல்லா அலமாரியையும் திறக்கிறான்.

எந்தக் குண்டுக்கும் ஆள் சினிமாபோல் விழுவதில்லை, எங்கே படுகிறது என்பதுதான் முக்கியம் என்று பட்டாளத்தில் இருந்த நீங்கள் சொன்னால் கேட்பார். போனில் சொன்னால் சிரித்து மழுப்புவார்.

உங்கள் பழைய கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள், இங்கே குளிர். அவர் லைசென்சுக்கு விண்ணப்பம் கொடுப்பதற்குள் அவருக்கே எழுதுங்கள்.

சலோமி